பூங்காவில் ஒரு நாள்: உணவுத் திட்டம் யாருக்கு இலாபம்?

இஸ்கந்தர் புத்ரி: பள்ளி விடுமுறை நெருங்கினால் ஜொகூரில் உள்ள தமிழ்க் குடும்பங்களின் பேச்சில் லெகோலேண்ட் ஒரு முறையாவது வந்து போகும். பிள்ளைகள் நச்சரிப்பார்கள். அம்மா உண்டியலைப் பார்ப்பார். அப்பா மிகைநேர வேலைப் பணத்தைக் கணக்குப் போடுவார். ஒருவழியாக டிக்கெட்டுக்குப் பணம் சேர்ந்து இணையத்தில் வாங்கப் போனால், பணம் கட்டும் பக்கத்துக்கு முன்பு இன்னொரு கேள்வி வந்து நிற்கும்: "உணவையும் சேர்த்துக்கொள்கிறீர்களா?"

அந்த இடத்தில் பலர் யோசிக்காமல் 'ஆம்' என்று அழுத்திவிடுகிறார்கள். உள்ளே விலை அதிகமாக இருக்கும் என்ற பயம் ஒரு காரணம். குடும்பத்தில் ஐந்து பேர் என்றால் ஐந்து பேருக்கும் வாங்குவதுதான் முறை என்ற எண்ணம் இன்னொரு காரணம். ஆனால் உணவுத் திட்டம் என்பது எல்லாருக்கும் ஒரே அளவில் தைத்த சட்டை போன்றது. வீட்டில் ஒருவருக்குப் பொருந்தும். மற்றவருக்குத் தொளதொளவென்று இருக்கும். வாங்கும் முன் பத்து நிமிடம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் கையில் நிற்கும் பணம் சிறியதல்ல.

ஒரு நாள் பூங்கா, ஒரு வேளைச் சாப்பாடு

ஆசியாவின் முதல் லெகோலேண்ட் 2012 செப்டம்பர் 15-ஆம் தேதி ஜொகூரில் திறக்கப்பட்டது. அப்போது அந்த இடத்தின் பெயர் நூசாஜெயா. மறு ஆண்டு அக்டோபரில் நீர்ப் பூங்காவும், அதனை அடுத்து 249 அறைகள் கொண்ட ஹோட்டலும் வந்தன. 2019-இல் சீ லைஃப் கடல்வாழ் உயிரினக் காட்சியகமும் சேர்ந்தது. இதனால் ஒரு நாளில் முடித்துக்கொள்வதா, இரவு தங்கி இரண்டு நாள் சுற்றுவதா என்ற தேர்வு குடும்பங்களுக்கு உண்டு. உணவுத் திட்டத்தின் இலாப நட்டம் முதலில் இந்தத் தேர்வைப் பொறுத்தது.

இத்தகைய பூங்காக்கள் பெரும்பாலும் பகல் நேரத்துக்கானவை. காலை 10 மணி வாக்கில் திறந்து மாலை 6 மணி வாக்கில் மூடினால், உள்ளே கழியும் நேரம் எட்டு மணி. அதற்குள் வரும் முழுச் சாப்பாட்டு வேளை ஒன்றுதான்: மதியம். சிகாமட், லாபீஸ், குளுவாங் பக்கத்திலிருந்து விடியற்காலையில் புறப்படும் குடும்பம் பசியாறலை மாச்சாப் ஓய்வுத்தளத்திலோ கூலாயிலோ முடித்துக்கொள்ளும். இரவுச் சாப்பாடு திரும்பும் வழியில். அப்படியிருக்க 'நாள் முழுவதும் சாப்பிடலாம்' என்ற விளம்பரம் உண்மையில் எத்தனை வேளைக்குப் பயன்படும் என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஐந்து வகைத் திட்டங்கள்

கேளிக்கைப் பூங்காக்கள் விற்கும் உணவு, பானத் திட்டங்கள் பெயரில் பலவாக இருந்தாலும் அடிப்படையில் ஐந்து வகைக்குள் அடங்கும்.

முதலாவது, உணவு வவுச்சர். குறிப்பிட்ட சில உணவகங்களில் குறிப்பிட்ட சில உணவுகளை மட்டும் இதற்குப் பெறலாம். கோழி, உருளைக்கிழங்கு வறுவல், ஒரு பானம் என்று ஒரு செட்டாக இருக்கும். பட்டியலில் இல்லாததைக் கேட்டால் கிடைக்காது; கிடைத்தாலும் கூடுதல் பணம் கேட்பார்கள்.

இரண்டாவது, மதிப்பு வவுச்சர். இதில் உணவின் பெயர் இருக்காது, தொகை இருக்கும். 30 வெள்ளி வவுச்சருக்கு 26 வெள்ளிக்குச் சாப்பிட்டால் மீதி 4 வெள்ளி பெரும்பாலும் திரும்ப வராது. 34 வெள்ளிக்குச் சாப்பிட்டால் 4 வெள்ளி கையிலிருந்து போகும்.

மூன்றாவது, நாள் முழுவதும் உண்ணும் திட்டம். கைவளையத்தையோ அட்டையையோ காட்டி, குறிப்பிட்ட இடைவெளியில் மீண்டும் மீண்டும் உணவு வாங்கலாம்.

நான்காவது, நிரப்பும் குவளை. ஒரு முறை விலை கொடுத்து ஞாபகார்த்தக் குவளையை வாங்கினால், அன்று முழுவதும் பானத்தை நிரப்பிக்கொள்ளலாம்.

ஐந்தாவது, ஹோட்டல் அறையோடு வரும் உணவு. காலைப் பசியாறல் மட்டும் சேர்ந்திருக்கலாம். இரவு உணவும் சேர்ந்திருக்கலாம். அறைக் கட்டணத்திலேயே பசியாறல் இருக்கும்போது, அதே வேளைக்கு இன்னொரு வவுச்சர் வாங்கினால் அது வீண் செலவு.

வாங்கும் பக்கத்தில் கவர்ச்சியான பெயர்தான் பெரிய எழுத்தில் இருக்கும். இந்த ஐந்தில் இது எது என்று அடையாளம் கண்டுகொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பூங்காவுக்கு என்ன இலாபம்?

இத்திட்டங்களை ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது. சிலருக்கு இவை உண்மையிலேயே சிக்கனம். ஆனால் பூங்கா இவற்றை விற்பதற்கு மூன்று வணிகக் காரணங்கள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டால் எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பது புரியும்.

ஒன்று, பணம் முன்கூட்டியே வந்துவிடுகிறது. வாடிக்கையாளர் வருவாரா, மழை பெய்யுமா, பிள்ளைக்குக் காய்ச்சல் வருமா என்ற கவலையெல்லாம் வாங்கியவருடையது.

இரண்டு, எல்லாரும் முழுமையாகப் பயன்படுத்துவதில்லை. நூறு பேர் வாங்கினால் சிலர் ஒரு வவுச்சரை மறப்பார்கள். சிலர் வரிசையைப் பார்த்துச் சலித்து விட்டுவிடுவார்கள். சிலருக்குப் பசியே இருக்காது. சமைக்காத அந்த உணவுக்கான பணம் பூங்காவிடம் தங்கிவிடும். திட்டத்தின் விலை இந்தச் சராசரியை வைத்தே நிர்ணயிக்கப்படுகிறது.

மூன்று, இயந்திரத்தில் ஊற்றும் பானத்தின் அடக்கவிலை மிகக் குறைவு. பாகு, வாயு கலந்த நீர், ஐஸ் கட்டி இவ்வளவுதான். இரண்டாவது, மூன்றாவது குவளை நிரப்புவதால் பூங்காவுக்கு ஏற்படும் செலவு சொற்பம். அதனால்தான் 'அளவில்லாமல் குடிக்கலாம்' என்று தாராளமாகச் சொல்ல முடிகிறது.

வெளிநாட்டுப் பூங்காக்கள் கற்றுத் தரும் பாடம்

இத்திட்டங்கள் பெரிய அளவில் வளர்ந்த இடம் அமெரிக்கா. அங்குள்ள விதிகளைப் பார்த்தால், எந்தப் பூங்காவிலும் எதைக் கேட்க வேண்டும் என்பது தெளிவாகும்.

ஃபுளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டு, தன் ஹோட்டல்களில் தங்குவோருக்கு உணவுத் திட்டத்தை 2005-இல் தொடங்கியது. பெருந்தொற்றுக் காலமான 2020-இல் நிறுத்திய அத்திட்டத்தை 2024 ஜனவரி 9-ஆம் தேதி மீண்டும் கொண்டுவந்தது. அதன் எளிய வகையில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு இரண்டு விரைவு உணவும் ஒரு சிற்றுண்டியும், அவற்றோடு நிரப்பும் குவளை ஒன்றும் உண்டு. பயன்படுத்தாத வேளைகள் அறையைக் காலி செய்யும் நாளின் நள்ளிரவோடு காலாவதியாகிவிடும். கடைசி நாளில் பலர் மீதமிருக்கும் சிற்றுண்டிக் கணக்கைத் தீர்ப்பதற்காகவே மிட்டாய்ப் பெட்டிகளை அள்ளிக்கொண்டு போவது அங்கே வழக்கமான காட்சி.

ஓஹாயோவின் சீடர் பாயிண்ட் பூங்காவின் நாள் முழுவதும் உண்ணும் திட்டத்தில், ஒரு முறை வாங்கினால் அடுத்த முறைக்கு 90 நிமிடம் காத்திருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. இதை நம் எட்டு மணி நேரக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். காலை 10 மணிக்குத் தொடங்கினால் 11.30, 1.00, 2.30, 4.00, 5.30 என்று ஏட்டில் ஆறு முறை உண்ணலாம். வெயிலில் விளையாட வந்த யாரும் ஆறு முறை சாப்பிடுவதில்லை. இரண்டு முறை என்பதே பெரும்பாலோருக்கு அதிகம்.

யுனிவர்சல் ஆர்லாண்டோவின் குவளை அடியில் ஒரு சிப் இருக்கும். ஒரு முறை நிரப்பினால் சில நிமிடம் கழித்தே இயந்திரம் மீண்டும் ஊற்றும். குவளையை மறுநாளும் பயன்படுத்த வேண்டுமானால் தனிக் கட்டணம். ஆக, ஐவர் ஒரே குவளையில் மாறி மாறிக் குடிக்கலாம் என்று திட்டமிடுவோருக்கு இயந்திரமே தடை போடும்.

இந்த மூன்று எடுத்துக்காட்டுகளும் மூன்று கேள்விகளைத் தருகின்றன. எப்போது காலாவதியாகும்? எவ்வளவு நேர இடைவெளி? பகிர்ந்துகொள்ளலாமா? இவற்றுக்குப் பதில் தெரியாமல் எந்தத் திட்டத்தையும் வாங்கக்கூடாது.

இடைவெளி விதி நம்மூரில் கூட்ட நாளில் இன்னும் கடுமையாகக் கடிக்கும். 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரின் வார விடுமுறை சனி, ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் ஒரே நாளில் விடுமுறை. மதியம் 1 மணிக்கு உணவக வரிசை நீளமாக இருந்தால் திட்டத்தின் பயன் அங்கேயே பாதி கரைந்துவிடும்.

ஐவர் குடும்பம்: ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக, குளுவாங் பக்கத் தோட்டத்திலிருந்து ஐவர் குடும்பம் ஒன்று வருவதாக வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, சைவம் மட்டும் உண்ணும் பாட்டி, 13 வயது மகன், 7 வயது மகள். கீழே வரும் விலைகள் எந்தப் பூங்காவின் உண்மை விலையும் அல்ல. கணக்கைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை.

பெரியவருக்கான உணவு 28 வெள்ளி. சிறுவர் உணவு 20 வெள்ளி. பானம் 9, போத்தல் தண்ணீர் 5, வறுவல் போன்ற சிற்றுண்டி 12. ஓர் உணவு, ஒரு சிற்றுண்டி, இரண்டு பானம் அடங்கிய திட்டம் பெரியவருக்கு 45 வெள்ளி, சிறுவருக்கு 35 வெள்ளி. பல இடங்களில் 13 வயதுப் பிள்ளை பெரியவராகவே கணக்கிடப்படுவார் என்பதை மறக்கக்கூடாது.

ஐவருக்கும் திட்டம் வாங்கினால்: நான்கு 45 வெள்ளி, அதாவது 180. அதோடு 35. மொத்தம் 215 வெள்ளி.

திட்டமில்லாமல், ஒவ்வொருவரும் உண்மையில் உண்பதை மட்டும் வாங்கினால்:

அப்பா – உணவு, ஒரு பானம்: 37 வெள்ளி.
அம்மா – உணவு, தண்ணீர்: 33 வெள்ளி.
பாட்டி – வறுவல், தண்ணீர்: 17 வெள்ளி.
மகன் – உணவு, சிற்றுண்டி, இரண்டு பானம்: 58 வெள்ளி.
மகள் – சிறுவர் உணவு, ஒரு பானம்: 29 வெள்ளி.

மொத்தம் 174 வெள்ளி. திட்டத்தைவிட 41 வெள்ளி குறைவு.

இன்னும் கூர்ந்து பார்த்தால், இந்த ஐவரில் திட்டத்தால் இலாபம் அடைபவர் ஒருவர்தான்: எதைக் கண்டாலும் பசிக்கும் 13 வயது மகன். அவருக்கு மட்டும் 45 வெள்ளித் திட்டத்தை வாங்கி, மற்ற நால்வருக்கும் வேண்டியதை மட்டும் வாங்கினால் மொத்தம் 161 வெள்ளி. ஐவருக்கும் வாங்கியதோடு ஒப்பிட்டால் 54 வெள்ளி மிச்சம்.

54 வெள்ளி என்றால் என்ன? 2025 பிப்ரவரி 1 முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. 26 வேலை நாளால் வகுத்தால் நாளுக்குச் சுமார் 65 வெள்ளி. செம்பனைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குக் கிடைக்கும் அந்தத் தொகையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல், யாரும் உண்ணாத உணவுக்குப் போய்விடுகிறது. இரண்டாவது பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் வெள்ளியோடு வருபவருக்கு இது சில்லறையாகத் தெரியலாம். மலேசிய வெள்ளியில் சம்பளம் வாங்குபவருக்கு அது திரும்பும் வழியில் ஐவரின் இரவுச் சாப்பாடு.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே அளக்க வேண்டியது தலையை அல்ல, தட்டை.

குவளைக்குள் இருக்கும் சீனி

நிரப்பும் குவளைக்கு வேறொரு கணக்கும் உண்டு. குவளை 35 வெள்ளி, ஒரு பானம் 9 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், போட்ட பணம் திரும்ப நான்கு முறை குடிக்க வேண்டும். ஒரு முறைக்கு அரை லிட்டர் என்றால் நான்கு முறைக்கு இரண்டு லிட்டர்.

மலேசியாவில் இனிப்புப் பானங்களுக்கு 2019 ஜூலை 1 முதல் கலால் வரி உண்டு. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்கள் அதில் அடங்கும். லிட்டருக்கு 40 சென்னாகத் தொடங்கிய வரி 2024-இல் 50 சென்னாகவும், 2025-இல் 90 சென்னாகவும் உயர்ந்தது. வரி வரம்பைத் தொடும் அளவில் மட்டுமே சீனி இருக்கும் பானம் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு லிட்டரில் 100 கிராம் சீனி இருக்கும். தேக்கரண்டிக் கணக்கில் 25. சாதாரண கோலா வகைகளில் இன்னும் அதிகம்.

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிராமுக்கு மேல் சீனி சேரக்கூடாது என்கிறது; 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. அதாவது குவளைக்குக் கொடுத்த பணத்தை 'எடுத்துவிட' முயன்றால், ஒரே நாளில் வரம்பைப் போல இரண்டு மடங்கு சீனி உடலுக்குள் போகும்.

நம் சமூகத்துக்கு இது சாதாரண விஷயமல்ல. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் நோய் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே அந்த விகிதம்தான் மிக அதிகம். குவளைத் திட்டத்தை வாங்கும் முன், சீனியில்லாத பானமும் குளிர்நீரும் அதே குவளையில் நிரப்ப முடியுமா என்று கேட்பது நல்லது. முடியும் என்றால் வெயில் நாளில் அதுவே குவளையின் உண்மையான பயன். முடியாது என்றால், வீட்டிலிருந்து வெறும் போத்தலைக் கொண்டுபோய், உள்ளே குடிநீர் நிரப்பும் இடம் இருக்கிறதா என்று நுழைவாயிலில் விசாரிக்கலாம்.

ஹலால் முத்திரையும் மாட்டிறைச்சியும்

தமிழ்க் குடும்பங்கள் உணவுத் திட்டத்தில் அடிக்கடி இடறி விழும் இடம் இது. மலேசியாவில் பெரிய பொழுதுபோக்கு இடங்களில் ஹலால் உணவு கிடைப்பது எளிது. ஆனால் ஹலால் என்பது மாட்டிறைச்சி இல்லை என்று பொருள்படாது. பர்கர், மீட்பால், ஸ்பகெட்டி குழம்பு, பீட்சா மேலிடும் இறைச்சித் துண்டு ஆகியவற்றில் மாட்டிறைச்சி இருக்கக்கூடும். செட் உணவில் இவை இரண்டு, கோழி ஒன்று என்று இருந்தால், மாட்டிறைச்சி உண்ணாதவருக்குத் தேர்வு ஒன்றே ஒன்றாகச் சுருங்கிவிடும்.

சைவம் உண்பவர் நிலை இன்னும் சிக்கல். வெள்ளிக்கிழமை, புரட்டாசி, தைப்பூச விரத நாட்களில் பலர் அசைவத்தைத் தொடுவதில்லை. பட்டியலில் 'சைவம்' என்று எழுதியிருந்தாலும் சம்பலில் நெத்திலியோ பெலாச்சானோ இருக்கலாம். சூப்பில் கோழிச்சாறு இருக்கலாம். வறுவலைக் கோழி பொரித்த எண்ணெயிலேயே பொரித்திருக்கலாம். வவுச்சருக்கு உள்ள உணவுகளில் இவர்களுக்கு ஏற்றது எதுவும் இல்லாவிட்டால், திட்டம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் அது நட்டமே.

பணியாளரிடம் கேட்க மூன்று எளிய மலாய்க் கேள்விகள் போதும். "அடா டாகிங் லெம்பு?" என்றால் மாட்டிறைச்சி இருக்கிறதா என்பது. "மிஞாக் யாங் சாமா?" என்றால் அதே எண்ணெயா என்பது. "போலே துக்கார்?" என்றால் மாற்றித் தர முடியுமா என்பது. இவற்றை உணவு வாங்கும் இடத்தில் கேட்பதைவிட, திட்டத்தை வாங்கும் முன்பே மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ கேட்டுப் பதிலை எழுத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

பேருந்து பிடித்துப் போகும்போது

ஆலய நிர்வாகம், இளைஞர் மன்றம், தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆகியவை 44 இருக்கைப் பேருந்து பிடித்துப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது தோட்டப்புறங்களில் வழக்கம். பெரும்பாலும் பேருந்து, டிக்கெட், சாப்பாடு மூன்றையும் கூட்டி ஒரே தொகையாக வசூலிப்பார்கள். ஏற்பாட்டாளருக்கு இது வசதி. ஆனால் மூன்று பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குச் சாப்பாட்டுத் தொகைதான் கடைசியில் கழுத்தை நெரிக்கும். அதைக் கட்ட முடியாமல் ஒரு பிள்ளையை வீட்டிலேயே விட்டுச் செல்வதும் நடக்கக்கூடியது.

இதைத் தவிர்க்க வழி எளிது. வசூல் தாளில் பேருந்து, டிக்கெட், உணவு என்று மூன்று கட்டம் போட வேண்டும். உணவு என்ற கட்டத்தை விருப்பத்துக்கு விட வேண்டும். யார் சைவம், யார் மாட்டிறைச்சி உண்பதில்லை என்பதையும் அதே தாளில் குறிக்கலாம். குழுவாகச் செல்வோருக்குத் தனி உணவு விலை தரும் பூங்காக்கள் உண்டு. இருபது பேருக்கு மேல் என்றால் நேரடியாகப் பூங்காவின் குழு விற்பனைப் பிரிவைத் தொடர்புகொண்டு, சைவ உணவு எத்தனை வேண்டும் என்பதையும் சேர்த்து விலை கேட்க வேண்டும்.

கட்டுச்சோற்றுக்கு இடமுண்டா?

வெளியூர்ப் பயணம் என்றால் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு போவது நம் வழக்கம். ஆனால் கேளிக்கைப் பூங்காக்களில் வெளி உணவுக்குப் பொதுவாக அனுமதி இல்லை. குழந்தை உணவு, மருத்துவக் காரணத்துக்கான சிறப்பு உணவு போன்றவற்றுக்குப் பல இடங்களில் விலக்கு உண்டு. இனிப்புநீர் நோயாளிகள் மருத்துவ அட்டையைக் கையில் வைத்திருப்பது நல்லது.

கேட்க வேண்டிய முக்கியக் கேள்வி இது: அன்றே வெளியே போய்த் திரும்ப நுழைய அனுமதி உண்டா? இருந்தால் மதியம் பேருந்து அருகிலோ பக்கத்துக் கடைவீதியிலோ சாப்பிட்டுத் திரும்பலாம். புக்கிட் இண்டாவும் கெலாங் பாத்தாவும் அதிக தூரமில்லை. சொந்தக் காரில் வருவோர் அங்கே போய் வாழை இலைச் சாப்பாடு தேடலாம்.

கட்டுச்சோறு கொண்டுபோவோர் ஒன்றை மறக்கக்கூடாது. சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் உண்ண வேண்டும் என்பது சுகாதார அமைச்சின் அறிவுரை. விடியற்காலை 4 மணிக்குச் சமைத்த சோற்றை வெயிலில் நிற்கும் பேருந்துக்குள் வைத்துப் பிற்பகல் 1 மணிக்குப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது ஆபத்து. அதைக் காலைப் பசியாறலாக முடித்துவிடுவதே நல்லது.

பில்லின் கடைசி வரி

பட்டியலில் உள்ள விலையும் பில்லில் வரும் விலையும் ஒன்றாக இருக்க வேண்டுமென்பதில்லை. சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடாக உயர்ந்தாலும், உணவு, பானச் சேவைக்கு 6 விழுக்காடே தொடர்கிறது. வரி சேர்க்காத விலையில் 100 வெள்ளிக்குச் சாப்பிட்டால் பில் 106 வெள்ளி. சில உணவகங்கள், குறிப்பாக ஹோட்டல்களில், 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் சேர்க்கும். அது அரசாங்க வரி அல்ல, கடை விதிப்பது. திட்டத்தின் விலையையும் தனித்தனி விலையையும் ஒப்பிடும்போது, இரண்டுமே வரி சேர்ந்தவையா என்று பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும்.

சொன்னது கிடைக்காவிட்டால்

வவுச்சரில் குறிப்பிட்ட உணவகம் அன்று மூடியிருந்தது, பட்டியலில் இருந்த உணவு தீர்ந்துவிட்டது, இணையத்தில் காட்டிய விலைக்கு மேல் வசூலித்தார்கள் என்றால் சும்மா விட்டுவிட வேண்டியதில்லை. முதலில் அங்கேயே வாடிக்கையாளர் சேவை முகப்பில் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். பல சிக்கல்கள் அங்கேயே மாற்று உணவோடு தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விலையைப் பற்றித் தவறான எண்ணம் தரும்படி காட்டுவது அச்சட்டத்தின்படி குற்றம். 2010 திருத்தத்தின் மூலம் நியாயமற்ற ஒப்பந்த விதிகளுக்கு எதிரான பகுதியும் அதில் சேர்ந்தது. உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் 1-800-886-800 என்ற எண்ணில் புகார் கொடுக்கலாம்.

பணத்தைத் திரும்பப் பெற மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை மூன்றாண்டுக்குள் கொண்டுபோகலாம். தனி ஒருவரின் 45 வெள்ளிக்காக அலைவது வீண் என்று தோன்றலாம். ஆனால் 44 பேருக்கு வாங்கிய சங்கத்துக்கு அது ஏறத்தாழ 2,000 வெள்ளி.

இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும். வாங்கிய பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வைப்பது, ரசீதைத் தூக்கிப் போடாதிருப்பது, விதிமுறைப் பகுதியையும் சேர்த்துப் படமெடுப்பது ஆகிய மூன்றும் போதும்.

யார் வாங்கலாம், யார் வேண்டாம்?

பதின்ம வயதுப் பிள்ளைகள், இரவு தங்கி இரண்டு நாள் சுற்றுவோர், வரிசையில் நின்று விலை பார்த்துத் தயங்க விரும்பாதோர் ஆகியோருக்குத் திட்டம் பொருந்தக்கூடும். சிறு குழந்தைகள், முதியோர், சைவம் உண்போர், இனிப்புநீர் நோய் உள்ளோர், மதியத்துக்குப் பிறகு கிளம்பிவிடுவோர் ஆகியோருக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

முன்கூட்டியே வாங்கினால் கழிவு கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் முதல் தடவை போகும் குடும்பம் டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே வாங்கிவிட்டு, உணவை உள்ளே போய்ப் பார்த்து வாங்கினாலும் பெரிய நட்டம் வராது. திட்டத்தை வாங்காததால் போகும் கழிவு சில வெள்ளி. வேண்டாத ஐந்து திட்டத்தை வாங்கினால் போவது ஏறத்தாழ ஒரு நாள் கூலி.

வீட்டில் ஒரு தாளை எடுத்து ஒவ்வொருவர் பெயரையும் எழுதி, அன்று அவர் என்ன உண்பார், என்ன குடிப்பார் என்று அவரிடமே கேட்டு எழுதினால் போதும். பாட்டி ஒருவேளை, "எனக்குத் தண்ணி இருந்தா போதும்யா" என்பார். அவருக்கான திட்டத்தை வாங்காமல் விட்டு, திரும்பும் வழியில் ஒரு நல்ல சைவக் கடையில் வண்டியை நிறுத்தினால், பணமும் மிஞ்சும், பாட்டியும் வயிறார உண்பார்.